முறை போகிற வித்தைகள்

மேசை ஆட்டம் நடத்துகிறவனுடைய தொழிலில் பாதி, "உங்க முறை முடிஞ்சுதுங்க" என்பதை யாருக்கும் மனசு நோகாமல் சொல்வதுதான். மீதிப் பாதி, பூதத்துக்குக் குரல் கொடுப்பது. எனக்குச் சத்தமாகப் பேச வராது. அதனால் என் பூதங்கள் கொஞ்சம் மரியாதையாகத்தான் மிரட்டும். இதே வேலையில் இருக்கிறவர்களுக்கு என் பாடு புரியும். இல்லாதவர்கள், கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்று "போதுங்களா" என்று கேட்டிருந்தால் சரி, நீங்களும் நம்ம ஆள்தான்.

அருள்புரத்தில், பட்டனும் லேபிளும் விற்கிற கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆட்டக்கடை. ஞாயிறு மதியம் மேசையைச் சுற்றி நாலு பேர் உட்காருவார்கள். ஒருவர் வாள்வீரன், ஒருவர் மந்திரவாதி, இப்படி ஆளுக்கொரு வேஷம். மற்றதெல்லாம் நான்: காடு, மழை, கள்ளன், பூதம். சண்டை வந்தால் பகடையை உருட்டி வரிசை போடுவோம். அவரவர் முறையில் ஒரே ஒரு காரியம். வாளை வீசலாம், இல்லை வித்தையைக் காட்டலாம். வித்தையைக் காட்டினால் வாளுக்கு அடுத்த சுற்றில்தான் வேலை. எங்கள் அப்புச்சி, அம்மாவின் அப்பா, சொன்ன கதைகளில் ராஜா மந்திரமும் சொல்லுவான், வாளையும் உருவுவான், அதே மூச்சில் ராட்சசன் தலையும் உருளும். அந்தச் சலுகை இங்கே யாருக்கும் கிடையாது.

கோபத்துக்கு ஒரு முறை

சுகுமார் ஒரு பனியன் கம்பெனி முதலாளியின் மகன். மேசையில் அவன் வெறியன். வெறி ஏற்றிக்கொண்டால் அவன் அடி இரண்டு மடங்காக விழும். முதல் சண்டையில் மூன்று ஓநாய்கள் வந்தன. அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, கீழே பட்டன் கடைக்கே கேட்கிற மாதிரி உறுமிவிட்டு, "வெறி ஏத்தியாச்சு, இப்ப வெட்டறேன்" என்று பகடையை எடுத்தான். நான் மெதுவாக, "இந்த முறை வெறி ஏத்தறதுலயே போயிருச்சுங்க. அடுத்த சுத்துலதான் வெட்ட முடியும்" என்றேன். அதற்குள் ஓநாய் அவன் தொடையைக் கவ்விவிட்டது.

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பிறகு நியாயம் கேட்கிற குரலில் சொன்னான்: "ஏனுங்க, எங்கப்பாவுக்கு ஒரே ஒரு தையல் விட்ட பனியனைக் காட்டிப் பாருங்க. கோபமும் அதே முறையில வரும், அடியும் அதே முறையில விழுமுங்க."

முறைத் தண்ணி

செல்லமுத்து அண்ணன் பல்லடத்துப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர். மகளை ஆட்டத்துக்கு விட வந்தார். மகள் இரண்டே வாரத்தில் சலித்து நின்றுவிட்டாள். அண்ணன் நின்றபாடில்லை. அவர் மந்திரவாதி. ஒரு சண்டையில் முதல் முறைக்குக் கவசம் வரவழைத்தார், இரண்டாம் முறைக்குத் தடியில் நெருப்பேற்றினார், மூன்றாம் முறைக்குக் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தார். நாலாவது முறையில் அடிக்கலாம் என்று திரும்பினால் கள்ளர்கள் எல்லாரும் செத்துக் கிடந்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் மற்றவர்கள் என்மேல் எரிந்து விழுவார்கள். அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டார்.

அதுவரை எல்லாரும் 'டர்ன்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்து எங்கள் மேசையில் அது 'முறை' ஆனது. காரணம் அவர் சொன்னதுதான்: "இது வாய்க்கால் முறைத் தண்ணிங்க கண்ணு. நமக்கு மூணு மணி நேரம்னா மூணு மணி நேரந்தான். பாய்ச்சினாலும் சரி, மடையில உடைப்பை அடைச்சிட்டு நின்னாலும் சரி, நேரம் போனது போனதுதானுங்க."

அடிக்காத வைத்தியச்சி

நாலு பேரில் மீதி இரண்டு பேர் அக்கா தம்பி, ஸ்டெல்லா அக்காவும் ஆன்டோவும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், அப்பா அம்மா இல்லை. அக்கா பக்கத்துத் தெருக் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். ஆன்டோ கட்டிங் மாஸ்டராக இருந்தவன். இருபத்தேழு வயதில் இரண்டு கிட்னியும் போய், வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஞாயிறு அவனுக்கு இடைவெளி நாள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளந்த சின்ன பாட்டில் அவன் முன்னால் இருக்கும். அதைப் பார்த்த பிறகு செல்லமுத்து அண்ணன் மேசையில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார். தாகம் எடுத்தால் படியிறங்கிப் போய்க் குடித்துவிட்டு வருவார்.

ஆன்டோ வாள்வீரன். அக்கா வைத்தியச்சி. அவர் வேஷத்துக்கு ஒரு நல்ல கதாயுதம் கொடுத்திருந்தேன். பல வாரமாகியும் ஒரு தடவை கூட அதை அவர் தூக்கவில்லை. ஒவ்வொரு முறையும் தம்பியின் வாள்வீரனுக்கு மருந்து போடுவதிலேயே போய்விடும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "அக்கா, அவருக்குச் சின்னக் கீறல்தானுங்க. இந்த முறை நீங்க பூதத்தை ஒரு போடு போடலாமுங்க" என்றேன். அவர் பகடையைத் தொடவில்லை. "எல்லாம் கீறல்னுதான் ஆரம்பிக்கும் தம்பி. நீ மருந்தைப் போடு."

ஹோல்டு

எங்கள் ஆட்டத்தில் ஒரு வித்தை உண்டு. உங்கள் முறையில் ஒன்றும் செய்யாமல், "இன்னது நடந்தால் நான் இன்னது செய்வேன்" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கலாம். அது நடந்தால் சட்டென்று பாயலாம். நடக்காவிட்டால் முறை வீண். கப்பல் ஏறாமல் நிற்கிற சரக்கை ஹோல்டு என்பார்களே, அந்தப் பெயரையே சுகுமார் இதற்கும் வைத்துவிட்டான். புது ஆட்கள் எல்லாரும் இதில் ஏமாறுவார்கள். காத்திருக்கும்போது ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக இருக்கிற மாதிரித் தோன்றும், அதுதான் காரணம்.

அக்கா கதாயுதம் தூக்காததைப் பார்த்துப் பார்த்து ஆன்டோ ஒரு முடிவுக்கு வந்தான். சுண்ணாம்புக் குகையில் ராட்சசன் எதிரே நிற்கிறான். அக்கா முறை வந்தது, தம்பிக்கு மருந்து போட்டார். தம்பி முறை வந்தது, "ஹோல்டு. அக்கா மேல எவன் கை வச்சாலும் நான் குறுக்க விழுவேன்" என்றான். அடுத்த சுற்றும் அப்படியே. அதற்கடுத்ததும். ராட்சசன் அக்காவை அடிக்கவே இல்லை. அடித்தால் ஆன்டோ குறுக்கே விழுவான், அவனுக்கு அடிபடும். அளந்து வைத்த அந்தப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே அதைச் செய்ய எனக்கு மனசு வரவில்லை. ராட்சசன் சுகுமாரை மட்டும் சாத்திக்கொண்டிருந்தான். ஐந்து சுற்று இப்படிப் போனது. செல்லமுத்து அண்ணன் தன் வேஷக் கணக்கு எழுதுகிற நோட்டை மூடி வைத்தார். சுகுமார் சிரித்தான், நானும் சிரித்தேன், அக்காவும் தம்பியும் சிரிக்கவில்லை. அண்ணன் சொன்னது இதுதான்: "அக்கா முறை தம்பிக்கு, தம்பி முறை அக்காவுக்கு. ஒரு வாய்க்கால் இன்னொரு வாய்க்காலுக்கே பாய்ச்சிட்டிருந்தா, தென்னை எப்பங்க குடிக்கறது?"

படிக்கட்டில்

அன்று ஆட்டம் முடிந்ததும் ஆன்டோ முன்னால் இறங்கிப் போனான். அக்கா படிக்கட்டில் நின்றார். அவருடைய கிட்னி தம்பிக்குப் பொருந்துகிறதாம். பரிசோதனை எல்லாம் முடிந்துவிட்டதாம். டாக்டர் தயார், அக்கா தயார். சம்மதம் என்று ஆன்டோ ஒரு கையெழுத்துப் போடவேண்டும். மாட்டேன் என்கிறான். அக்காவுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. ஒரு கிட்னியை எடுத்துக் கொடுத்தவளை எவன் கட்டுவான், முதலில் கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறானாம். தள்ளிப் போடாதே என்று டாக்டரும் சொல்லிப் பார்த்தாராம், அவர்கள் ஐயர் என்று சொல்கிற சர்ச் போதகரும் சொல்லிப் பார்த்தாராம்.

"நாங்க சொன்னா கேக்க மாட்டேங்கான். ஊட்டுக்கு வந்தா உன் பேச்சுத்தான் பேசுதான்" என்று சொல்லிவிட்டு, 'ஊடு' என்று எங்கள் ஊர்ப் பேச்சு தன் வாயில் வந்ததற்குத் தானே லேசாகச் சிரித்தார். நான், "சரிங்கக்கா, சொல்றேனுங்க" என்றேன். இரண்டு படி இறங்கியவர் திரும்பினார். "நல்ல நேரம் பாத்துச் சொல்லு தம்பி. ஆனா சீக்கிரம் சொல்லிரு."

நல்ல நேரம்

முதல் ஞாயிறு ஆன்டோ பகடையில் இருபது விழவைத்தான். எங்கள் பகடைக்கு இருபது முகம், இருபதுதான் ஆக உசத்தி. வாரம் பூராவும் ஊசியும் குழாயுமாகக் கிடந்தவன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறான், இப்போது போய் அதைப் பேசுவதா என்று விட்டுவிட்டேன். இரண்டாம் ஞாயிறு முகம் வீங்கி, கண் சொருகி வந்தான். இந்த நிலையில் பேசுவதா என்று விட்டுவிட்டேன். மூன்றாம் ஞாயிறு அவனைத் தனியாகப் பிடித்தேன். அக்காவும் மற்றவர்களும் கீழே டீக்கடைக்குப் போயிருந்தார்கள். அவன் தன் நோட்டில் வாள்வீரனுக்குப் புதிதாக ஒரு கேடயம் வரைந்துகொண்டிருந்தான். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "அடுத்த வாரம் பாதாளக் கோட்டைங்க. நோட்டை மறக்காமக் கொண்டாந்துருங்க" என்றேன்.

அவன் தலையைத் தூக்காமல், வரைவதை நிறுத்தாமல் சொன்னான்: "அக்கா எதையோ சொல்லச் சொல்லிருக்கா, எனக்குத் தெரியும் மக்கா. பாக்குத ஆளெல்லாம் அதத்தான் சொல்லுதாவ. நீ ஒருத்தன்தான் சொல்லாம இருக்க. அதான் இங்க வாரேன்."

கல்லறைத் தோட்டம்

பாதாளக் கோட்டைக்கு அவன் வரவில்லை. புதன்கிழமை காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். சனிக்கிழமை போய்விட்டான். அவன் வேலை பார்த்த கட்டிங் செக்‌ஷனிலிருந்து ஆட்கள் டெம்போவில் வந்து இறங்கினார்கள். ஜெபம் முடிந்து மண் போட்டபோது ஸ்டெல்லா அக்கா எல்லாருக்கும் பின்னால் நின்றார். தள்ளிப்போய் நின்று பழகாதவர் மாதிரி, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

கையெழுத்து விஷயம் செல்லமுத்து அண்ணனுக்கும் சுகுமாருக்கும் அங்கேதான் தெரிந்தது. நான்தான் சொன்னேன். மூன்று ஞாயிறு நான் வாயைத் திறக்காததையும் சேர்த்துச் சொன்னேன். அண்ணன் என் தோளில் கை வைத்தார். சுகுமார் செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டே நின்றான். உறுமுகிற அந்தத் தொண்டையிலிருந்து காற்று மாதிரித்தான் வந்தது: "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே. சண்டை போட்டாவது, கையைப் புடிச்சாவது போட வெச்சிருப்பேனுங்களே."

புது வேஷம்

அடக்கத்துக்கு மறுநாளே அக்காவிடம் போய் நான் சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டேன். அவர் "சரி" என்றார், அவ்வளவுதான். அதற்கப்புறம் ஞாயிறு மேசையையே நான் போடவில்லை. ஒன்றரை மாதம் கழித்து ஒரு ஞாயிறு, படியேறி அவரே வந்தார். வரன் வேண்டாமென்று சொல்லி அனுப்பிவிட்டதாக, மழை வரும்போல இருக்கிறது என்கிற மாதிரிச் சொன்னார். நான் எடுத்து வைத்த வைத்தியச்சி தாளைத் தள்ளிவிட்டார். புதிதாக ஒரு வேஷம் வேண்டும் என்றார். "மருந்து போட்டா முறை போயிருது. காத்திருந்தா முறை போயிருது. முறை போவாத வித்தைன்னு எதாச்சும் இருக்கா தம்பி?"

விதி பற்றிய கேள்வி வந்ததில் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. பதில் தெரிந்த கேள்வி. விதிப்புத்தகத்தைப் பிரித்து, அந்தப் பக்கத்தை எடுத்து, உற்சாகமாகவே காட்டினேன். "ஒண்ணே ஒண்ணு இருக்குங்கக்கா. பேசறது. வெட்டிக்கிட்டே பேசலாம், மருந்து போட்டுக்கிட்டே பேசலாம். அடுத்தவங்க முறையில கூட ரெண்டு வார்த்தை சொல்லலாமுங்க. அதுக்கு முறையே போகாது." சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே காதில் விழுந்தது.

அவர் அந்தப் பக்கத்தை விரலால் தொட்டுப் படித்தார். சட்டையில் தையல் விட்ட இடத்தைத் தடவிப் பார்க்கிற செக்கிங் விரல் அது. கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். சின்னப்பிள்ளையிடம் கேட்கிற மாதிரிக் கேட்டார்: "அப்ப அவங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா தம்பி?"

எந்தெந்த வித்தையில் முறை போகும் என்று ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்கிற நான், செலவே இல்லாத ஒன்றைத்தான் மூன்று ஞாயிறு அவ்வளவு சிக்கனமாகச் சேமித்து வைத்திருந்தேன்.