எந்த வேகத்தில் எவ்வளவு நேரம்

காலையில் கடையைத் திறந்ததும் கம்ப்யூட்டரில் அந்த அட்டவணையைத்தான் முதலில் பார்ப்பேன். பழக்கம். இப்போதுள்ளது புதிய மெஷின். ரேஷன் கார்டு, கரண்டு பில், பிள்ளைகளுக்குச் சர்ட்டிபிகேட் என்று நான் கொடுக்கிறதெல்லாம் அதற்கு ஒரு வேலையே அல்ல. நாள் முழுக்கக் கீழ்ப்படி வேகத்திலேயே கிடக்கும். பார்த்துவிட்டு மூடுவேன்.

வீட்டுக்காரர் ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டுச் சாயா குடிக்க வருவார்.

"இன்னும் அதுல என்னத்த பாக்கிய?"

"சும்மா."

முன்பு எங்களுக்கு உதியன்குளங்கரையில் வீடியோ கடை இருந்தது. அவர் கேமரா, நான் கம்ப்யூட்டர். கல்யாணம், பால்காய்ச்சு, ஞானஸ்நானம், சாவு எல்லாவற்றுக்கும் போவோம். கல்ஃபில் இருப்பவர்கள் பார்க்க நேரலையாக அனுப்புவோம். இங்கே வீட்டுக்கு ஒருவராவது அங்கே உண்டு. கல்யாணத்துக்கு முன்னமே சொல்லி லீவு எடுத்து வந்துவிடுவார்கள். சாவு சொல்லிக்கொண்டு வராது. அதனால் சாவு வீட்டுக்குத்தான் எங்களை அதிகம் கூப்பிட்டார்கள். இப்போது அவரவர் போனிலேயே எல்லாம் அனுப்புகிறார்கள். நல்லதுதான்.

எனக்குப் படிப்புக் குறைவு. பள்ளிக்கூடத்தில் மலையாளம், அதுவும் பாதியில் நின்றது. தமிழ், ஞாயிற்றுக்கிழமை சபையில் பாட்டுப் புத்தகம் பார்த்துப் படித்தது. இங்கிலீஷ் எழுத்துக் கூட்டி வாசிப்பேன். எண்ணுக்கு மொழி வேண்டாம்.

எங்கள் லேப்டாப் பழையது. பள்ளிக்கூட லேப்களில் சர்வீஸ் பார்த்துக்கொண்டிருந்த என் தம்பி அதில் லினக்ஸ் போட்டுத் தந்தான். நேரலை இடையிடையே நின்று போகிறது என்று நான் சொன்னபோது ஒரு கோப்பைத் திறந்து காட்டினான். இரண்டு வரிசை எண். இடது பக்கம் வேகம். வலது பக்கம் அந்த வேகத்தில் ஓடிய நேரம்.

"அக்கா, இது பிராசசரு ஓடின கணக்காக்கும். நாம ஒண்ணும் எழுதாண்டாம். லினக்சுக்க உள்ள இருக்கிய கெர்னல் தானே எழுதிக்கிடும்."

பிராசசர் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடாது. வேலை கூடினால் ஒரு படி ஏறும். வேலை குறைந்தால் இறங்கும். சூடு கூடினால், வேலை கிடந்தாலும் மெஷினே அதைக் கீழே இறக்கிவிடும். எந்தப் படியில் எவ்வளவு நேரம் நின்றது என்பது ஒரு கோப்பில். எத்தனை தடவை படி மாறியது என்பது இன்னொன்றில். அவ்வளவுதான். ஆனால் எனக்கு அது பிடித்துப்போனது.

திரையின் ஓரத்தில் அதை ஓடவிட்டிருப்பேன். மற்றவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், நான் எண்ணைப் பார்ப்பேன். மேல்படியின் நேரம் ஏறாமல் நின்றால் சூடு பிடித்துவிட்டது என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் படம் நிற்கும். அதற்குள் நான் ஒரு விரலை உயர்த்துவேன். அறையின் அந்தப் பக்கத்திலிருந்து அவர் பார்த்துக்கொள்வார். கேமராவை ஆட்டாமல் வைத்துக்கொள்வார். ஆடாத படத்தை அனுப்ப மெஷினுக்கு வேலை குறைவு. சூடு தணிந்ததும் விரலை மடக்குவேன். பேச்சே கிடையாது. ஒரு நாள் முழுக்க அப்படிப் போகும். இப்போது உப்பு எங்கே, சாவி எங்கே என்று எல்லாவற்றையும் வாயால்தான் கேட்டுக்கொள்கிறோம்.

குளத்தூர் வீடு ஒன்று நினைவில் நிற்கிறது.

அந்த வீட்டு அம்மா இறந்திருந்தார். மகன் வீட்டில் இருந்தார். மகள் கல்ஃபில் நர்ஸ். லீவு கிடைக்கவில்லை. நாங்கள் போய் இறங்கியதும் மகன் என்னிடம் வந்தார். முகம் கழுவி நாளாகியிருந்த மாதிரி இருந்தது.

"அக்கா, தங்கச்சிக்கு அம்மைக்க மொகம் காணணும். எடுக்கியதுக்கு முன்ன. வேற ஒண்ணும் வேண்டாம்."

"காணலாம்" என்றேன்.

முற்றத்தில் நாற்காலி போட்டுச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அதில் ஒரு பெரியவர் என் வீட்டுக்காரரின் தோளில் கிடந்த கேமராவைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"எலே, எனக்க சாவுக்கும் நீதான் வரணும், கேட்டியா. ஆனா இடது பக்கமா நின்னு எடு. வலது பக்கம் எனக்குப் பல்லு இல்ல."

"அதுக்கு நீரு வாய மூடிக்கிட்டுக் கிடந்தா மதியே" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"உயிரோட இருக்கும்பளே மூடல்ல. செத்தா மூடுவனா?"

சாவு வீட்டில் இப்படி ஒருவர் வேண்டும். இல்லாவிட்டால் மூச்சு முட்டும்.

நடு அறையில் வாழையிலை விரித்து அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு, ஒற்றைத் திரி. பங்குனி வெயில். ஆள்கூட்டம். கேமரா வயர் எட்டுகிற தூரத்தில், அதே அறையின் மூலையில், ஒரு ஸ்டூலில் லேப்டாப்பை வைத்தேன். மகனிடம் கேட்டு, பக்கத்தில் ஒரு ஃபேனும் வைத்துக்கொண்டேன். மெஷினுக்கு மட்டும் காற்று படுகிற மாதிரி திருப்பினேன்.

மகன் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கையில் பிடித்திருந்தார். தங்கை அந்தப் பக்கத்தில் அழவில்லை. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, வந்தார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். படம் நன்றாகப் போயிற்று.

பிறகு மேல்படியின் நேரம் நின்றது.

விரலை உயர்த்தினேன். அவர் கேமராவை அசைக்காமல் பிடித்தார். அதன் பிறகும் வேகம் இறங்கியது. ஏறியது. உடனே இறங்கியது. படி மாறுகிற எண்ணிக்கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கேமரா ஆடவில்லை, அறையில் யாரும் நடக்கவில்லை. பிறகு ஏன்? அப்போதுதான் என் கழுத்தில் வேர்வை வழிவது தெரிந்தது. ஃபேன் நின்றிருந்தது. ஜன்னலும் சாத்தியிருந்தது.

"படம் நின்னு போச்சு அண்ணா" என்றாள் தங்கை. "அம்மைக்க மொகம் பாதிதான் காணுது."

சுவிட்ச் பக்கத்தில் தாய்மாமன் நின்றார். இறந்தவரின் தம்பி. அவர்தான் அணைத்திருந்தார். கூட்டம் விலகியபோது ஃபேன் காற்று விளக்கு வரை போயிருக்கிறது.

"மாமா, ஃபேன போடட்டா?" என்றார் மகன்.

"வெளக்கு கெட்டுப்போவும்லே. எனக்க அக்காக்க தலமாட்டுல வெளக்கு கெடப்பிடாது."

"அப்ப அவ பாக்காண்டாமா?"

"பாக்காண்டாம்னு நான் சொன்னனா? வெளக்கும் எரியணும், அவளும் பாக்கணும். அதுக்கு ஒரு வழி சொல்லு."

ஒருவர் விசிறியால் வீசலாம் என்றார். அதுவும் காற்றுதானே என்று இன்னொருவர் கேட்டார். மூன்றாமவர் லேப்டாப் அடியில் ஐஸ் வைக்கலாம் என்றார். வாசலில் இருந்து, எடுக்கிற நேரமாயிற்று என்று குரல் வந்தது.

எங்கள் சபை ஆட்களின் சாவுக்குப் பாட்டு உண்டு. இந்த விளக்கு கிடையாது. ஆனால் சுடர் சாய்ந்தபோது மாமன் எப்படிச் சுவிட்சுக்கு ஓடியிருப்பார் என்று எனக்குத் தெரிந்தது. ஃபேனைப் போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அட்டவணையைப் பார்த்தேன். கீழிருந்து இரண்டாவது படி. அதில் நின்ற நேரமெல்லாம் மெஷின் சூடாகவில்லை. மேலே ஏறுவதும் சூட்டில் தள்ளப்பட்டு விழுவதும்தான் கெடுத்தது. ஒவ்வொரு தடவை விழும்போதும் படம் நின்றது. அதனால் அந்த இரண்டாவது படிக்கு மேலே ஏறக்கூடாது என்று வரம்பு போட்டேன். அந்த வேகத்தில் பெரிய படத்தை இழுக்க அதற்கு முடியாது. படத்தின் அளவைக் குறைத்தேன். அறை முழுவதையும் அவ்வளவு சின்னப் படத்தில் அனுப்பினால் ஒரு முகமும் தெரியாது.

அன்றைக்கு மட்டும் நான் வாய் திறந்தேன்.

"கேட்டியளா, மொகம் மட்டும் எடுங்க."

"மத்தது?"

"ஒண்ணும் வேண்டாம்."

அவர் கேமராவை நெருக்கிக் கொண்டுபோனார். படத்திலிருந்து ஆட்கள் போனார்கள். பூ போனது. சின்னப் படம் நிறைய அம்மாவின் முகம்.

மாமன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"வெளக்கு படத்துல இல்லியே, பிள்ளே?"

"வெளக்கு இங்க எரியுது மாமா. அவளுக்கு மொகம்தான் வேணும்."

அவர் விளக்குப் பக்கம் போய் நின்றார்.

படி மாறுகிற எண்ணிக்கை நின்றது. ஒரே ஒரு வரியில் மட்டும் நேரம் ஏறியது. ஒரே வேகம். மெதுவான வேகம். ஆனால் நிற்கவில்லை.

போனில் சத்தமே இல்லை. மகன் போனைக் காதில் வைத்துப் பார்த்தார், மறுபடி எடுத்துப் பார்த்தார்.

"எடி, காணுதா?"

"காணுது" என்றாள்.

கொஞ்சம் கழித்து, "அண்ணா, அம்மைக்க நெத்தியில முடி கிடக்கு. அத ஒதுக்கு" என்றாள்.

படத்துக்குள் மகனின் கை வந்தது. நெற்றி முடியை மேலே ஒதுக்கியது. அந்தக் கைக்குக்கூடப் படம் தடுமாறவில்லை. நான் எண்ணை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தேன். அந்த வேலையில் நான் படத்தைப் பார்த்தது குறைவு. அம்மாவுக்கு மூக்கு ஓரத்தில் ஒரு சின்ன மறு இருந்தது. அறையில் நேரில் பார்த்தபோது அதை நான் கண்டிருக்கவில்லை.

வெளியே மறுபடி குரல் கொடுத்தார்கள். இரண்டு பேர் தூக்குவதற்காக உள்ளே வந்துவிட்டார்கள். தங்கைக்கும் அது கேட்டிருக்க வேண்டும்.

"மதி அண்ணா, கண்டது போதும். எடுத்துக்கிடுங்க" என்றாள். அவள் குரல் அப்போதுதான் உடைந்தது.

மகன் தலையை ஆட்டினார். அந்த இரண்டு பேரும் குனிந்தார்கள். மாமன் அவர்களுக்கு முன்னால் கையை நீட்டி நிறுத்தினார். பிறகு போனை மகனின் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். போனில் பேசிப் பழக்கம் இல்லாதவர் மாதிரி, வாய்க்கு ரொம்பப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு சத்தமாகப் பேசினார்.

"ஒரு அவசரமும் இல்ல மக்கா. நீ நல்லா பாரு. நாங்க நிக்கோம்."

முற்றத்தில் எழுந்து நின்றவர்கள் அதைக் கேட்டுத் திரும்பவும் உட்கார்ந்தார்கள்.