கையை நனைத்துவிட்டுத் தொடு

செய்தியை எனக்குச் சொன்னது ஸ்டெல்லாதான். ஆனால் அது என்ன செய்தி என்று அவளுக்குத் தெரியாது. காலையில் வெள்ளவத்தைச் சந்தையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது தொலைபேசி அடித்தது. அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே இலக்கம் என்னுடையது.

"மாமா, அப்பா எழும்புறாரில்ல. தேத்தண்ணி ஆறிப் போச்சு. திருப்பிச் சுட வைக்கவா?"

"அத்தை எங்க பிள்ளை?"

"அத்தை பூசைக்குப் போயிட்டாங்க."

"நீ ஒண்டும் செய்ய வேண்டாம். அப்பாவுக்குப் பக்கத்தில இரு. நான் வாறன்."

ஓட்டோவில் கொட்டாஞ்சேனைக்குப் போகும் வழி முழுவதும், அவருக்குக் காய்ச்சலாக இருக்கும், மயக்கமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது ஸ்டெல்லா கட்டிலருகே முக்காலியில் இருந்தாள். கோப்பையை மறுபடியும் சுட வைத்துக் கொண்டுவந்து, ஆறிவிடாமல் ஒரு தட்டால் மூடியிருந்தாள். என் சிநேகிதர் அல்போன்ஸ் நித்திரையிலேயே போயிருந்தார். அவருக்கு நல்ல சாவு என்று செத்தவீட்டுக்கு வந்த நீங்கள் எல்லோரும் சொன்னீர்கள். அந்த முக்காலியைப் பார்த்த எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

ஸ்டெல்லாவை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அவள் அல்போன்சின் ஒரே பிள்ளை. வயது நாற்பதை எட்டிவிட்டது, மனதுக்கு ஆறோ ஏழோதான். அவள் பிறந்து சில மாதங்களில் தாய் காலமாகிவிட்டார். அதன் பிறகு அல்போன்சும் அவருடைய அக்கா ஜெசிந்தாவுமே அவளுக்கு எல்லாம். தாயின் முகமே நினைவில் இல்லாததால், ஒருவர் இல்லாமல் போவது என்றால் என்ன என்பதை அறிய அவளுக்கு அதுவரை வேளை வரவில்லை.

அல்போன்சும் நானும் கொழும்புக் கோட்டையில் ஒரே அலுவலகத்தில் வேலை செய்தோம். துறைமுகத்திலிருந்து சரக்கு விடுவித்துக் கொடுக்கும் தொழில். நான் மேசையில், அவர் வெயிலில். ஒருகொடவத்தைக் கொள்கலன் முற்றங்களில் நாள் முழுக்க அலைந்துவிட்டு, சட்டை முதுகில் ஒட்டிப்போக வந்து, என் மேசையின் மேல் ஏறி உட்காருவார். எழும்பும் ஐசே என்பேன். மின்விசிறி உனக்கு மட்டும்தானா மச்சான் என்பார். என் யாழ்ப்பாணத் தமிழை அவர் கிண்டலடிக்க, அவருடைய கொட்டாஞ்சேனைத் தமிழை நான் கிண்டலடிக்க, எங்கள் சிநேகிதம் அப்படித்தான் வளர்ந்தது.

ஒரு நாள் கையில் நீளமான ஒரு பையோடு வந்தார். துறைமுகத்தில் பழக்கமான ஒரு கப்பல் அதிகாரி நாடு திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன தூண்டில் கம்பு அது. நாங்கள் காலிமுகத்திடலில் பார்க்கிற தூண்டில் இல்லை. இதில் புழு குத்துவதில்லை. இறகையும் நூலையும் முள்ளில் சுற்றி ஈயைப் போல ஒன்றைக் கட்டி, நூலைத் தலைக்கு மேலால் முன்னும் பின்னும் வீசி, அந்தப் பொய் ஈயைத் தண்ணீரின் மேல் நோகாமல் இறக்க வேண்டும். மலைநாட்டின் குளிர் ஓடைகளில் இருக்கும் ட்ரௌட் மீன் அதை நம்பி மேலே வரும். இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, இந்த மனிதனுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

வீசிப் பழக அவருக்குக் கிடைத்த இடம் கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியின் மொட்டைமாடி. அங்கே ஓடை இல்லை, உடுப்புக் காயப்போடும் கொடிதான் உண்டு. முதல் கிழமையிலேயே கீழ்வீட்டுச் சிங்களப் பெண்மணியின் இரவு உடுப்பு ஒன்று தூண்டிலில் மாட்டி, கொடியோடு கிழிந்து வந்தது. அந்த அம்மா படியேறி வந்து போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டதாம். "அனே நெந்தே, சமாவென்ன" என்று இவர் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டுக் கும்பிட, பக்கத்தில் நின்ற ஸ்டெல்லா சத்தமாகச் சிரித்துக் கை தட்டிக் கத்தினாளாம்: "அப்பா பெரிய மீன் புடிச்சிட்டார்!" அந்த அம்மாவே சிரித்துவிட்டாராம். என் மேசையில் இருந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் அல்போன்ஸ். பிறகு சிரிப்பு அடங்கி, "மச்சான், ஸ்டெல்லா இப்பிடிச் சத்தமா சிரிச்சு நான் கேட்டதே இல்ல" என்றார்.

அந்த ஏப்ரலில் இரண்டு குடும்பமும் மலைக்குப் போனோம். நான் வர மறுத்தேன். எனக்குக் குளிர் ஆகாது, அட்டையைக் கண்டாலே உடம்பு கூசும், எல்லாவற்றுக்கும் மேலாக நான் மீன் இறைச்சி என்று மச்சம் எதுவும் தின்னாதவன். "நீ திங்க வேணாம் மச்சான், மீனும் உன்னத் திங்காது" என்று சொல்லி வான் வண்டியில் ஏற்றிவிட்டார். அம்பேவெலைப் பக்கம் ஒரு பழைய பங்களாவில் இரண்டு அறை. பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு காலையில் ஓடைக்குப் போனால், மூடுபனி இறங்கும்போதுதான் திரும்புவோம். என் பிள்ளைகள் சிறுவர்களாக இருந்த காலம். அவர்கள் கல்லுக்குக் கல் தாவித் திரிய, என் மனைவி கம்பளியைப் போர்த்திக்கொண்டு இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பாள். அன்றிலிருந்து ஆண்டுதோறும் போனோம். என் பிள்ளைகள் கனடாவுக்குப் போன பிறகும் நானும் மனைவியும், அல்போன்சும் ஸ்டெல்லாவுமாக நால்வரும் போனோம்.

ஸ்டெல்லாவின் வேலை வலை பிடிப்பது. பிடி போட்ட சின்ன வலை. அல்போன்ஸ் மீனை மெல்ல மெல்லக் கரைக்கு இழுத்து வர, அவள் முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி வலையைக் கீழால் கொடுத்து ஏந்துவாள். முதல் மீனை அவள் தொடப் போனபோது அல்போன்ஸ் கையைப் பிடித்துக்கொண்டார். "முதல்ல கைய நனைச்சிக்கோ. காஞ்ச கை பட்டா அதுக்கு நோகும். தோலு எரியும்." அவள் இரண்டு கையையும் ஓடையில் முக்கி எடுத்து, ஒரு குழந்தையைத் தூக்குவது போல் மீனைத் தூக்கினாள். முள்ளின் நுனியில் திரும்பிக் குத்தும் கொளுவியை அவர் முன்னமே குறட்டால் நசுக்கி வைத்திருப்பார், அதனால் அது நோகாமல் கழன்றுவிடும். பிறகு அவள் மீனைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு, அதற்கு மூச்சு வரும்வரை காத்திருந்து, கையை விரித்தாள். "போயிட்டு வா" என்றாள்.

ஒரு மீனையும் நாங்கள் கொண்டுவந்ததில்லை. "புடிச்சதத் திங்கிறதும் இல்ல, வீட்டுக்குக் கொண்டு வாறதும் இல்ல. இதுக்கு ஏன் அண்ணை இவ்வளவு தூரம்?" என்று என் மனைவி கேட்பாள். அல்போன்ஸ் ஸ்டெல்லாவைக் காட்டிச் சிரிப்பார். அவ்வளவுதான் பதில்.

அடுத்த ஏப்ரலில் முதல் மீன் வலையில் விழுந்ததும் அவர் அவளிடம் சொன்னார்: "பாரு, இது போன வருசத்து ஆள்தான். போயிட்டு வான்னு சொன்னியே, வந்திருக்கு." அவள் முகத்தில் அன்று வந்த சந்தோசத்தை நான் வேறு எந்த மனித முகத்திலும் கண்டதில்லை. அதன் பிறகு ஒவ்வொரு ஏப்ரலும் அதே மீன் திரும்பி வந்தது. சில வருடம் பெருத்து வந்தது, சில வருடம் மெலிந்து வந்தது. மெலிந்து வந்தால் அது ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று ஸ்டெல்லா ஏசுவாள்.

எனக்கு இது பிடிக்கவில்லை. ஒரு மாலை பங்களா விறாந்தையில் அவரோடு சண்டைக்கே போனேன். "ஏன் ஐசே அந்தப் பிள்ளையை ஏமாத்துறீர்? நாளைக்கு ஒண்டு நடந்தா அது என்னெண்டு தாங்கும்?" என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "மச்சான், அவளுக்கு உண்மையச் சொல்ல ஊரே இருக்கு. பஸ்ஸில போனா சொல்றாங்க, கோயில்ல சொல்றாங்க, கலியாண வீட்டுக்குக் கூப்பிடாம சொல்றாங்க. பொய் சொல்ல நான் ஒருத்தன்தான் இருக்கேன்" என்றார். என் கோபம் போகவில்லை.

போன ஏப்ரலில்தான் நாங்கள் கடைசியாகப் போனோம். ஓடையில் தண்ணீர் வற்றிக் கணுக்காலளவு கிடந்தது. மேலே மரக்கறித் தோட்டங்கள் கரைவரைக்கும் வந்துவிட்டன, மருந்தடித்த நெடி தண்ணீரிலேயே இருந்தது. அல்போன்ஸ் காலையிலிருந்து வீசினார். ஈயை மாற்றி மாற்றிக் கட்டினார், இடம் மாறினார். ஒரு மீனும் மேலே வரவில்லை. ஸ்டெல்லா வலையோடு தண்ணீரிலேயே நின்றாள். கால் விறைத்து உதடு நீலம் பாரித்தும் வெளியே வர மாட்டேன் என்றாள். அது வந்து தேடினால் என்ன செய்வது என்று கேட்டாள். கடைசியில் அவர் அவளைத் தூக்காத குறையாகக் கரைக்குக் கொண்டுவந்து, "அது சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருக்கு. அடுத்த ஏப்ரலுக்கு வரும்" என்றார்.

திரும்பும்போது என் மனைவி அவளைக் கைபிடித்து முன்னே கூட்டிப் போக, நாங்கள் இருவரும் பின்னால் நடந்தோம். அவருக்கு மூச்சு வாங்கியது. ஒரு கல்லில் உட்கார்ந்தார். "மச்சான், நான் கோயில்ல என்ன வேண்டுறேன் தெரியுமா? எனக்கு முன்னால அவ போயிரணும்னு வேண்டுறேன். எந்த அப்பனாவது இப்பிடி வேண்டுவானா?" என்றார். விசர்க் கதை கதைக்காதீர் என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் கம்பைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பைக்குள் வைத்தார். முப்பது வருடச் சிநேகிதத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

அந்த ஒரு வேண்டுதலும் அவருக்கு நிறைவேறவில்லை. அவருடைய வாழ்க்கையில் அவர் கேட்டது அதிகமில்லை. இதை எழுதும்போது யார்மேல் கோபப்படுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை, ஆனால் கோபமாகத்தான் இருக்கிறேன்.

செத்தவீட்டுக்கு வந்திருந்த உங்களில் பலர் பார்த்ததுதான், என்றாலும் அதன் பொருள் உங்களுக்குத் தெரிந்திருக்காது. பெட்டி மூடுவதற்கு முன் கடைசியாக முகம் பார்க்கச் சொன்னார்கள். ஜெசிந்தா அக்கா ஸ்டெல்லாவைப் பெட்டியருகே கூட்டி வந்தார். அவள் அப்பாவைத் தொடவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்து, "தண்ணி வேணும்" என்றாள். தாகமாக்கும் என்று யாரோ ஒருவர் கிளாசில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடிக்கவில்லை. கிளாசைச் சரித்து ஒரு கையில் ஊற்றினாள், பிறகு மற்றக் கையில் ஊற்றினாள். நிலமெல்லாம் தண்ணீர். பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று எனக்குப் பின்னால் நின்ற ஒருவர் முணுமுணுத்தார். அவள் நனைந்த இரண்டு கையாலும் அப்பாவின் முகத்தை ஏந்தினாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு கையை விரித்தாள்.

"போயிட்டு வாங்க அப்பா."

செத்தவீட்டிலிருந்து புறப்படும்போது போயிட்டு வாறன் என்று நாங்கள் சொல்வதில்லை. பேசாமல் எழுந்து போய்விடுவோம். அந்த வார்த்தையை அவள் பெட்டிக்குள் கிடந்தவரிடம் சொன்னபோது அங்கே நின்றவர்கள் விறைத்துப்போனார்கள். அவள் அழவில்லை. அவளுக்கு அழக் காரணம் இல்லை. கை நனைத்துத் தொட்டு, போயிட்டு வா என்று அவள் வழியனுப்பிய எதுவும் அவள் கணக்கில் வராமல் போனதில்லை, சொந்தக்காரர் வீட்டுக்குப் போன மீனும் அடுத்த ஏப்ரலுக்கு வரத்தான் போகிறது.

முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்துவிட்டது. கடவுள் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டு எல்லோரும் போனீர்கள். ஜெசிந்தா அக்காவுக்கு எண்பது வயதாகப் போகிறது, படியேறவே முடியவில்லை. இரத்மலானையில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஓர் இல்லத்தில் இடம் கேட்டிருக்கிறார்கள். நல்ல இடம் என்கிறார்கள். நானும் போய்ப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது. வரிசையாகக் கட்டில்கள், கட்டில்களில் பெண்கள், ஒருத்தரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. என் வீட்டில் வைத்திருக்க எனக்கும் மனைவிக்கும் ஆசை உண்டு, உடம்பில் தெம்பில்லை. நாங்களும் இன்றோ நாளையோ என்றிருப்பவர்கள்தான். இன்னொரு முறை அவளை வழியனுப்ப வைப்பதா?

நேற்று கொட்டாஞ்சேனைக்குப் போயிருந்தேன். அவள் தன் உடுப்புகளைப் பையில் அடுக்கியிருந்தாள், இல்லத்துக்குப் போக அல்ல, மலைக்குப் போக. குளிர்ச் சட்டைக்கு மேலே வலையை வைத்திருந்தாள். என்னைக் கண்டதும் கேட்டாள்.

"மாமா, அப்பா ஏப்ரலுக்கு வந்திருவாரா?"

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அல்போன்சை நான் விறாந்தையில் வைத்து ஏசியது ஞாபகம் வந்தது. உண்மையைச் சொல்ல ஊரே இருக்கிறது. குழாயடிக்குப் போய், இரண்டு கையையும் நனைத்துக்கொண்டு வந்து, அவள் கையைப் பிடித்தேன்.

"ஓம் பிள்ளை. வந்திடுவார்."

அவருடைய கம்பை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அக்கா சொன்னார். எனக்கு வீசத் தெரியாது, வேண்டாம் என்றுவிட்டேன். அல்போன்சிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்தப் பொய் ஒன்றைத்தான். ஏப்ரல் வரைக்கும் அதைச் சொல்லலாம். அதற்குப் பிறகு என்ன சொல்வது என்று அவர் எனக்குச் சொல்லிவிட்டுப் போகவில்லை.