சிவப்பில் நின்ற அக்காவின் பள்ளி

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களே, நீங்கள் அவரைப் பொறுமைசாலி என்பீர்கள். பொறுமையும் இல்லை, ஒன்றும் இல்லை. அவருக்குப் பொய் எழுத வராது, அவ்வளவுதான்.

நெட்டுக்குப்பத்தில் மீன்பிடிக் குடும்பத்தின் மூத்த பெண்ணாகப் பிறந்தார். அம்மாவோடு மீன்கூடை தூக்கிக்கொண்டே படித்து ஆசிரியை ஆனார். தம்பி என்னையும் ஆசிரியனாக்கினார். கடைசியில் அவர் எண்ணூரிலும் நான் திருவொற்றியூரிலும் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள்.

எந்தப் பிள்ளைக்கு வாசிக்க வருகிறது, எந்தப் பிள்ளைக்கு வரவில்லை என்று பருவந்தோறும் சோதித்துக் கல்வித் துறையின் செயலியில் ஏற்ற வேண்டும். நான் டீ குடித்துக்கொண்டே எல்லாப் பெயருக்கும் 'வாசிக்கும்' என்று தட்டிவிட்டேன். அக்கா ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லி, உள்ளதை ஏற்றினார். ஆய்வுக் கூட்டத்துத் திரையில் என் பள்ளி பச்சை, அவர் பள்ளி சிவப்பு. எனக்குக் கைதட்டினார்கள். அவரை எழுந்து நிற்கவைத்து, விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார்கள். நான் அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கங்கெட்டவன்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டார்: "உன் பசங்க நெசமாவே படிக்குதுங்களாடா?"

"எல்லாரும் அப்டித்தான்க்கா போட்டுகினு கீறாங்க. நீயும் போட்டுட்டுப் போயேன்."

"அப்பால எந்தப் புள்ளைக்கு இன்னா தெரிலன்னு நான் எங்கடா போய் பாக்கறது?"

மெமோவுக்குப் பதில் எழுதிய கையோடு, வாசிக்காதவர்களின் பட்டியலை வருகைப் பதிவேட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முக்கால்வாசி, தாமதமாக வரும் பிள்ளைகள். வீடு வீடாகப் போய் விசாரித்தார். காலையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்பது அவர்கள்தான். வாசிப்பு வகுப்போ முதல் பாடவேளை. அதை மதியத்துக்கு மாற்றினார். பிள்ளைகள் மெல்ல மெல்ல வாசித்தார்கள். திரையில் பச்சை வருவதற்குள் நுரையீரல் நோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. மெமோ கொடுத்த அதிகாரியே இரங்கல் கூட்டத்தில் அவரை முன்மாதிரி என்றார்.

மருத்துவமனையில் முறைவைத்து உடனிருந்த சக ஆசிரியைகளுக்கும், கடலுக்குப் போகாமல் வந்து தோள்கொடுத்த குப்பத்தாருக்கும், இறுதிச் சடங்கன்று வாசலில் அழுத, அவர் பள்ளிப் பிள்ளைகளின் தாய்மார்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மற்றவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தப் பருவம் நானும் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். ஐந்தாம் வகுப்பிலேயே எழுத்துக்கூட்டத் திணறுகிறார்கள். உள்ளதை ஏற்றினேன். போன வருடம் நான் 'வாசிக்கும்' என்று தட்டி அனுப்பிய ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோ வேறு பள்ளிகளுக்குப் போய்விட்டார்கள்.

மலர் அச்சுக்குப் போகும் இன்று எனக்கும் மெமோ வந்திருக்கிறது. கொண்டுபோய்க் காட்ட அக்கா இல்லை.