நான்கு ஞாயிறுகளும் ஒரு காதும்

என் நாத்தனாரை எனக்குப் பிடிக்காது. செத்துப்போனவர்களைப் பற்றி அப்படிப் பேசக் கூடாது என்பார்கள். அவள் உயிரோடு இருந்தபோதே முகத்துக்கு நேராகச் சொன்னவள் நான். இப்போது சொல்வதில் புதிதாக என்ன பாவம் வந்துவிடப் போகிறது?

அவள் என் கணவரின் அக்கா. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள், புருஷன் போன பிறகு எங்களோடேயே இருந்தவள். காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் எல்லோருமே பட்டுத்தறிக்காரர்கள். அந்தத் தெருவே அவள் வாய்க்குப் பயப்படும். தறியில் ஒரு இழை அறுந்தால்கூட என் கணவர் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்.

அறுபதுகளின் நடுவில் என் மகளுக்கு ஆறு வயது. இடது காதில் சீழ் வந்தது. ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். காதுக்குள் துளித் தண்ணீர் போகக் கூடாது, பஞ்சு வைத்துத்தான் குளிப்பாட்ட வேண்டும், அஜாக்கிரதையாக இருந்தால் காது கேட்காமலே போய்விடும் என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். வீட்டுக்கு வந்து அதை அப்படியே ஒப்பித்தேன். நாத்தனார் முழுதும் கேட்டுவிட்டு, கார்த்திகை பிறக்கப் போகிறது, சாமிக்கு வேண்டிக்கொண்டாயிற்று என்றாள். அவ்வளவுதான், முடிந்தது பேச்சு.

தலைநோவுக்கும் காதுநோவுக்கும் பேர்போன கோயில் ஒன்று எங்கள் ஊரில் உண்டு. கார்த்திகை ஞாயிறுகளில் விடியும்போதே குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு, மண்சட்டியில் மாவிளக்கு ஏற்றித் தலையில் வைத்துக்கொண்டு கோயிலைச் சுற்ற வேண்டும். நாத்தனாருக்கு ஒரு காலத்தில் மண்டை பிளக்கும் தலைவலி இருந்ததாம். மூன்று வருஷம் சட்டி தூக்கினாளாம், விட்டுப்போயிற்றாம். நான் இல்லையென்று சொல்லவில்லை. தலைவலிக்குக் குளிர்ந்த தண்ணீர் இதமாகக்கூட இருந்திருக்கும். சீழ் பிடித்த காதுக்கு?

முதல் ஞாயிறன்று மகளின் காதில் பஞ்சை வைத்து, அதன்மேல் தேங்காய் எண்ணெய் தடவி, முந்தானையால் தலையை மூடிக் கூட்டிப்போனேன். குளத்தில் மழைத்தண்ணீர் செம்மண்ணாய்க் கலங்கியிருந்தது. படியெல்லாம் கூட்டம். ஒருத்தி முழுகிய இடத்தில் இன்னொருத்தி வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் குழந்தையின் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள், பஞ்சைப் பார்த்துவிட்டாள்.

"காதுல பஞ்ச வெச்சுக்கினு எறங்குனா தீர்த்தம் எங்கம்மா படும்? நோவு இருக்குற எடத்துல படணும். எடு அத."

நான் எடுக்கவில்லை. அவளே பிடுங்கிப் போட்டாள். என் கணவர் இரண்டு படி மேலே நின்று கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் தறிக்கான பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கட்ட முடியாது, வேலையில்லாமல்தான் கூட வந்திருந்தார். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். அந்த மௌனத்துக்காக அவரை நான் முழுதாக மன்னித்ததில்லை. ஆனால் குழந்தையின் தலையைப் பிடித்து மூன்று தடவை முக்கியது நான்தான். கூட்டத்தில் வழுக்கிவிடக் கூடாதே என்று கெட்டியாக வேறு பிடித்துக்கொண்டேன். அதை யார்மேல் போடுவது?

இரண்டாம் ஞாயிறுக்குள் காதின் பின்பக்கம் வீங்கிவிட்டது. போதும் என்றேன். எடுத்த வேண்டுதலைப் பாதியில் விட்டால் அது குழந்தையைத்தான் சுற்றும் என்றாள் நாத்தனார். நான் பயந்துவிட்டேன். சாமிக்கா அவளுக்கா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மூன்றாம் ஞாயிறு மகள் காய்ச்சலோடு முழுகினாள். சட்டி கனக்கிறது என்று அழுதாள், பின்னாலிருந்து நான் தாங்கிக்கொண்டு நடந்தேன். வீட்டுக்கு வந்ததும் வெல்லமாவைப் பிட்டுத் தின்றுவிட்டுச் சிரித்தாள். மாவிளக்கு அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

கடைசி ஞாயிறு, பாதிச் சுற்றில் தூறல் விழுந்து விளக்கு அணைந்தது. அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில், காதின் உள்ளே ஜவ்வு முழுக்க அழுகிவிட்டது, இனி இந்தக் காது கேட்காது என்றார்கள். நாத்தனார் அழுதாள், நிஜமாகவே அழுதாள். அழுது முடித்துவிட்டு, பெற்றவள் மனசுக்குள் திட்டிக்கொண்டே நடந்தாள், விளக்கு அணையாமல் என்ன செய்யும் என்று தெரு முழுக்கச் சொன்னாள். தெருவும் தலையை ஆட்டியது. நான் திட்டிக்கொண்டேதான் நடந்தேன். அது ஒன்றுதான் அவள் சொன்னதில் உண்மை.

பத்துப் பன்னிரண்டு வருஷம் போயிற்று. ஒரு ஐப்பசிக் கடைசியில் நாத்தனாருக்குக் காதுவலி வந்தது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் என் கணவரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது காதில் பஞ்சு. அதன்மேல் தலையைச் சுற்றித் துண்டு.  குளிக்க வெந்நீர் வைக்கட்டுமா என்று கேட்டேன். இல்லை, தண்ணீர் படக் கூடாதாம், டாக்டர் கண்டித்துச் சொல்லியிருக்கிறார் என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. அவளுக்கு நினைவே வரவில்லை.

மகள் என் வலது பக்கம் உட்கார்ந்து ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் குரலை உயர்த்தவில்லை.

"கார்த்திகை வந்துக்கினு இருக்குது, அண்ணி. அந்தப் பஞ்ச எடுத்துட்டு வாங்க, குளத்துல முழுகிட்டு வரலாம்."

நாத்தனார் கை துண்டுக்குப் போனது. இப்போது நினைவு வந்துவிட்டது, எனக்குத் தெரிந்தது. என் கணவர் வழக்கம்போல் வேறெங்கோ பார்த்தார். என் உதடு அசைந்ததை மட்டும் பார்த்த மகள், சுற்றுவதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இன்னாம்மா சொன்ன? கேக்கல. இந்தப் பக்கம் வந்து சொல்லு."

நான் எழுந்து அவளுடைய வலது பக்கம் போகவில்லை. சொல்ல வேண்டியவள் காதில் பஞ்சோடு எதிரில் நின்றுகொண்டிருந்தாள். அவள் சொல்லட்டும் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.