காட்டுமாடு வீட்டுக்குள்ள பூந்துருச்சு!

எட்டாவதோடு படிப்பை விட்டு, கிடைத்த வேலைக்கு ஊர் ஊராகப் போகிறவன் நான். தொண்டை பெரிசு என்பதால், செல்போன் விளையாட்டுப் போட்டி நடத்துகிறவர்கள் என்னை மைக் பிடிக்க வைத்தார்கள். சோறு உண்டு, படுக்க மேடை உண்டு.

வடகவுஞ்சியில் சமுதாயக் கூடத்துக்குள் போட்டி. வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று என் மைக்கைக் கோயில் குழாய் ஸ்பீக்கரில் இணைத்தேன். காட்டுமாடு வந்தால் ஊரை எச்சரிப்பதும் அதே ஸ்பீக்கரில்தான் என்பது எனக்குத் தெரியாது. உள்ளூர் அணியின் பெயரோ ‘காட்டுமாடு’.

ஆட்டம் சூடானது. திரையில் உள்ளூர் அணி, எதிரணி பதுங்கியிருந்த வீட்டுக்குள் நுழைந்து சுட்டது. “காட்டுமாடு வீட்டுக்குள்ள பூந்துருச்சு! ரெண்டு பேர் காலி! ஓடுங்க, வெரசா ஓடுங்க!” என்று கத்தினேன்.

சற்று நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் அக்கா வந்தார். பீன்ஸ் தோட்டத்திலிருந்து விழுந்தடித்து ஓடி வந்ததில் உடம்பெல்லாம் சேறு. பின்னால் தடியோடு பாதி ஊர்.

“யாருலே செத்தது? எம்மவன் எங்க? காட்டுமாடு எங்கலே?”

அவர் மகன் செல்போனிலிருந்து தலை நிமிராமல் சொன்னான்: “நாந்தாம்மா காட்டுமாடு.”

முதுகில் விழுந்த அடியில் அவன் செல்போன் பறந்தது, அணியும் தோற்றது. பிறகு அவனையே கட்டிக்கொண்டு அழுதார். செருப்பில்லாமல் ஓடி வந்த அவர் காலைப் பார்த்ததும், எனக்கும் ரெண்டு விழுந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றே தோன்றியது.

இப்போதெல்லாம் அணிப் பெயர்களைக் கேட்காமல் மைக்கைத் தொடுவதில்லை. செண்பகனூரில் ‘மண்சரிவு’ என்று ஓர் அணி வந்தது. “தம்பி, ‘முட்டைக்கோஸ்’னு மாத்திக்கங்க” என்றேன். முறைத்துக்கொண்டே மாற்றினார்கள். கோப்பையை வாங்கியதும் முட்டைக்கோஸ்தான்.