பாதி அரக்கு

பழைய கடைசல் இயந்திரத்துக்குப் புது பெல்ட் மாட்டி, சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினேன். சூட்டில் அரக்கு இளகி மணந்தது. கூடவே அம்பாசமுத்திரத்து வீடும் வந்துவிட்டது.

அப்பா இறந்த சில வாரங்களில், இந்த இயந்திரத்தை எடுத்துப்போகப் பெரியப்பா மாட்டுவண்டியோடு வந்தார். அவரும் கடைசல்காரர்தான். அம்மா இதில் சொப்புச் சாமான் கடைந்துதான் எங்களுக்குச் சோறு.

“பொம்பளைக்கு எதுக்கு மிஷினு? நிறுத்தும்மா.”

“அரக்கு பாதியில நிக்கி அத்தான். செத்த இருங்க.”

பாதியில் நிறுத்தினால் அரக்கு திட்டுத் திட்டாகிவிடும். எங்கள் குடும்பத்தில் யாரும் அந்தப் பாவத்தைச் செய்ததில்லை. பெரியப்பா உட்கார்ந்தார். அம்மா தாழை மடலால் தேய்த்து மினுக்கிய கையோடு, ஏற்கெனவே கடைந்து வைத்திருந்த அடுத்த கட்டையைப் பொருத்தி அரக்கை வைத்துவிட்டாள். பிறகு அதற்கடுத்தது.

பொழுது சாய்ந்ததும் வண்டிக்காரர் எழுந்தார்.

“மாடு பசியில நிக்கி அண்ணாச்சி. அவுக இன்னைக்கி நிறுத்த மாட்டாக.”

பெரியப்பா அதன்பின் வண்டி கொண்டுவரவில்லை.

வந்தவரைக் காக்கவைக்கும் முறைகள் அத்தனையும் தெரிந்தவன் நான். தாலுகா அலுவலகத்தில் அதுதான் என் உத்தியோகமே. ஆனாலும் அம்மா அளவுக்கு மரியாதையாக அதைச் செய்தவர் எவரையும் அங்கே பார்க்கவில்லை.

மகன் எட்டிப் பார்த்தான்.

“அப்பா, பழைய இரும்புக்காரர் வந்து நிக்காரு. நான்தான் வரச்சொன்னேன். இந்த மிஷினைக் குடுத்துட்டா இங்கன நம்ம காரை நிறுத்தலாம்லா?”

“அரக்கு பாதியில நிக்கி. அவரை உக்காரச் சொல்லு.”

அடுத்த கட்டையைக் கைக்கெட்டும் தூரத்தில் எடுத்து வைத்துக்கொண்டேன்.