காதுக்காரி பெயரில் பதினேழு

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்குத் தாழ்ப்பாள் என்று பெயர் வைத்தது யாரென்று இதுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்டிருந்தால் அவள் சும்மா விட்டிருக்க மாட்டாள். ஆனால் பெயரில் குற்றம் சொல்ல முடியாது. சாயங்காலம் நாலரை ஆனால் போதும், செருப்புச் சத்தம் கேட்க மூன்றாம் மாடி முழுக்க ஒரு சுற்று வருவாள். ஒவ்வொரு மேசைப் பக்கமும் நின்று, "ஓடுதா, நிறுத்தவா?" என்று ஒரே கேள்வி. ஒன்றுமே ஓடாமல் "ஓடுது மேடம்" என்பவர்களை முகத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். அதற்குப் பிறகு அவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

நிறுத்தச் சொல்வது மேசை மேலிருக்கும் கணினியை அல்ல. எங்கேயோ கண்காணாத இடத்தில் இருப்பதை. முன்பெல்லாம் நிலையத்துக்குச் சொந்தக் கணினிகள் இருந்தன. ஒரு குளிர் அறையில் அலமாரி அலமாரியாக நின்றன. ஏழு வருடம் சால்வை போர்த்திக்கொண்டு அவள்தான் அவற்றைக் கட்டி மேய்த்தாள். பிறகு மேலிடம் முடிவெடுத்தது, இனிமேல் எல்லாம் கிளவுட் என்று. மேகம் என்று சிலர் அழகாகத் தமிழில் சொன்னபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எவனோ வச்சிருக்கற மெஷினை மணிக்கணக்குல வாடகைக்கு எடுக்கறோம். இதுல மேகம் எங்க வந்துச்சு?" என்று கூட்டத்திலேயே கேட்டாள். வாடகை டாக்சியை வாசலில் நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போய் குளித்துச் சாப்பிட்டுப் படுத்துக்கொள்வது மாதிரிதான் இங்கே பெரிய படிப்பு படித்தவர்கள் மெஷின் ஓட்டுகிறார்கள். மீட்டர் ஓடுகிறதே என்ற நினைப்பு ஒருவருக்கும் கிடையாது. பணம் அவர்கள் பையிலிருந்து போகவில்லை அல்லவா.

ஒவ்வொரு ஆராய்ச்சிக்கும் கிளவுடில் ஒரு வொர்க்ஸ்பேஸ் உண்டு. தரவு, நிரல், வாடகை மெஷின் எல்லாம் அதற்குள் அடக்கம். இவர்கள் அவற்றுக்கு வைத்திருந்த பெயர்களைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது: சோதனை, சோதனை இரண்டு, கடைசி, இதுதான் கடைசி, தொடாதே. தொடாதேயை எட்டு மாதமாக அதன் சொந்தக்காரரே தொட்டிருக்கவில்லை. மாதாமாதம் அதைச் சேமித்து வைக்கும் செலவு மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. தாழ்ப்பாள் அவரைத் தேடிப் போய், வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். அன்றைக்கே அழித்துவிட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு, நிதி அதிகாரியிடமிருந்து கிளவுட் பில் வந்தது. வருடம் முழுவதற்கும் ஒதுக்கிய பணத்தில் மூன்றில் ஒரு பங்கு பதினோரே நாளில் போயிருந்தது. வழக்கமாக மொத்தத் தொகை மட்டும்தான் வரும். வரம்பைத் தாண்டிவிட்டதால் இந்த முறை ஆள்வாரியாகப் பிரித்துக் கேட்டிருந்தார்கள். பட்டியலின் உச்சியில் இருந்தது காதுக்காரியின் பெயர்.

காதுக்காரி என்றால் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் உதவியாளர். பச்சைக் குழந்தைகளின் அழுகையை வைத்து நோயை அறியும் ஆராய்ச்சியில், ஒவ்வொரு அழுகையையும் கேட்டு, பசியா வலியா மூச்சுத் திணறலா என்று குறித்து வைப்பது அவள் வேலை. நாலு வருடத்தில் முப்பத்தோராயிரம் அழுகைகளைக் கேட்டு முடித்திருந்தாள். மாதக் கடைசியோடு அவள் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பித்தால் வேலை, இல்லாவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அவள் சம்பளத்தில்தான் தங்கை நர்சிங் படிக்கிறாள்.

மதியத்துக்குள் துறைத் தலைவரின் மெயில் எல்லோருக்கும் வந்துவிட்டது. பொறுப்பில்லாத சிலரால் பொதுப் பணம் வீணாகிறதாம். சம்பந்தப்பட்டவரின் ஒப்பந்தம் மறுபரிசீலனை செய்யப்படுமாம். பெயர் போடவில்லை, ஆனால் பட்டியலைக் கீழே இணைத்திருந்தார். அந்தப் பெருந்தன்மையை என்னவென்று சொல்வது.

காதுக்காரி தாழ்ப்பாளின் அறைக்கு வந்தபோது முகம் வெளிறிப் போயிருந்தது. உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை.

"அக்கா, சத்தியமா நான் இல்லக்கா. அவ்வளவு பெரிய மெஷின் நான் எதுக்கு எடுக்கப்போறேன்? என்னோடது சின்னது. ரெண்டு வாரம் ஓடும்னு உங்ககிட்ட சொல்லிட்டுதானே ஆரம்பிச்சேன்?"

"சொன்ன. நீ சொன்னதாலதான் உன் பேருக்கு நேரா ஓடிட்டிருந்ததை நான் கண்டுக்கல. எது சின்னது எது பெருசுன்னு பாத்திருக்கணும். உக்காரு, யார் கைவரிசைன்னு பாப்போம்."

வொர்க்ஸ்பேஸில் யார் எந்த நேரத்தில் எதை அமுக்கினார்கள் என்பதற்கெல்லாம் பதிவு உண்டு. அதைத் திறந்த இரண்டாவது நிமிடத்தில் தாழ்ப்பாளுக்கு ஆள் தெரிந்துவிட்டது. முன் வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை பகல் இரண்டே காலுக்கு மெஷினை ஓட விட்டவர் துறைத் தலைவர். வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு டெமோ காட்ட. நடுவில் மெஷின் நின்றுவிடக் கூடாது என்று, தானாக நிற்கும் வசதியையும் அவரே எடுத்துவிட்டிருந்தார். விருந்தாளிகள் இருபது நிமிடம் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். இவர் மறுநாள் விடுப்பில் மலைக்குப் போய்விட்டார். மெஷின் பதினோரு நாள் யாருக்காகவும் இல்லாமல் ஓடியிருக்கிறது. தாழ்ப்பாள் முதல் வேலையாக அதை நிறுத்தினாள்.

"அவரா?" என்றாள் காதுக்காரி. "அப்புறம் எப்படிக்கா என் பேரு வந்துச்சு?"

அந்தக் கேள்விக்குப் பதில் அடுத்த பக்கத்தில் இருந்தது. தாழ்ப்பாள் அதைப் பார்த்தாள். பார்த்ததைக் காதுக்காரியிடம் சொல்லவில்லை. "நான் பாத்துக்கறேன், நீ போ" என்று அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

காதுக்காரி பெயரில் ஒன்றல்ல, பதினேழு வொர்க்ஸ்பேஸ்கள் இருந்தன. அவள் புழங்குவது ஒன்றே ஒன்று. மீதிப் பதினாறையும் பிறக்க வைத்தது தாழ்ப்பாள்.

புது வொர்க்ஸ்பேஸ் வேண்டுமென்றால் படிவம் போட்டுத் துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அவர் மேசைக்குப் போன படிவம் கிணற்றில் போட்ட கல். மூன்று வாரம், நாலு வாரம். ஆராய்ச்சிக்காரர்கள் வந்து இவள் தலையை உருட்டுவார்கள். ஒருநாள் வெறுத்துப்போய் இவள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தாள். ஏற்கெனவே அனுமதி பெற்ற ஒன்றை அப்படியே நகல் எடுத்துக் கொடுத்தால் படிவமே வேண்டாம். எதை நகல் எடுப்பது? காதுக்காரியுடையதுதான் ஒழுங்காக இருந்தது. கோப்புறைகள் சுத்தமாக, குப்பை இல்லாமல். நகல் எடுத்தால் செலவுக்குப் பொறுப்பாளர் பெயரும் கூடவே போகும். மாற்ற வேண்டுமென்றால் மறுபடியும் படிவம். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டாள். இரண்டு வருடமாக அந்தப் பிறகு வரவேயில்லை. டெமோவுக்கென்று துறைத் தலைவருக்குக் கொடுத்ததும் அப்படிப்பட்ட ஒரு நகல்தான். ஒவ்வொரு முறையும் ஆராய்ச்சிக்காரர்கள் அவளைத் தெய்வம் என்றார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். அவளும் பெருமையாகக் குடித்தாள்.

கோபத்தில் கீபோர்டைத் தள்ளிவிட்டாள். யார் மேல் கோபம் என்று கேட்டால் முதலில் துறைத் தலைவர் மேல், இரண்டாவதாகவும் துறைத் தலைவர் மேல்தான் என்றிருப்பாள். நேரே அவர் அறைக்குப் போனாள்.

மலைக் காற்று பட்டு அவர் முகம் தெளிந்து இருந்தது. அச்செடுத்த பதிவை அவர் முன்னால் வைத்தாள். அவர் படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஓ, இதுவா. மறந்துட்டேன் போல. சரி, இப்ப என்ன பண்ணலாங்கறீங்க?"

"மெயிலை வாபஸ் வாங்குங்க சார். அந்தப் பொண்ணு பண்ணலைன்னு எல்லாருக்கும் எழுதுங்க."

"எழுதலாம். எழுதினா அடுத்த கேள்வி என்ன வரும்? என் மெஷின் எப்படி அவ பேர்ல ஓடுச்சுன்னு. அனுமதி இல்லாம நகல் எடுத்துக் குடுத்தது யாருன்னு. உங்க பதவி உயர்வு ஃபைல் வேற என் மேசையிலதான் இருக்கு." அவர் குரலில் கோபமே இல்லை, அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. "அந்தப் பொண்ணுக்கு வேற எங்கயாவது சொல்லி வைக்கலாம். சின்ன வயசு, சமாளிச்சுக்குவா. இதை விசாரிக்க வியாழக்கிழமை கூடற கமிட்டியில நீங்க வாயைத் திறக்காம இருந்தா போதும்."

அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. மென்று விழுங்கிக்கொண்டு வெளியே வந்தாள். பன்னிரண்டு வருடத்தில் அந்த அறைக்குள் போய் அவள் பதில் பேசாமல் திரும்பியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை வீட்டில் பாத்திரங்கள் படாத பாடு பட்டன. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வேலைக்குக் கிளம்பப் பையில் ஸ்பேனர்களை அடுக்கிக்கொண்டிருந்தவர் சத்தம் பொறுக்காமல் வந்து நின்றார்.

"அந்தக் குக்கர் என்ன பாவம் பண்ணுச்சு?"

எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். துறைத் தலைவரை அவள் திட்டிய திட்டை அச்சில் போட முடியாது. கணவர் பொறுமையாகக் கேட்டார்.

"சரி, அவன் அயோக்கியன். ஒத்துக்கறேன். உன் நகல் விஷயத்தை எப்ப சொல்லப்போற?"

"அதைச் சொன்னா எனக்குப் பதவி உயர்வு போயிடும். மெமோ வரும்."

"வரும்."

"அந்தாளோட சேத்து என்னையும் ஒரே தராசுல வைப்பாங்க."

"வைப்பாங்க. நான் சொல்றதைக் கேளு. நீ சொல்லலைன்னா அடுத்த பத்து வருஷத்துக்கு இந்த வீட்ல ஒரு பாத்திரமும் நெளியாம இருக்காது. புதுப் பாத்திரம் வாங்க எனக்கு வசதி இல்ல."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் குக்கரை மெதுவாக வைத்தாள்.

வியாழக்கிழமை கமிட்டியில் இயக்குநர், நிதி அதிகாரி, துறைத் தலைவர் மூன்று பேர். காதுக்காரியைக் கதவோரத்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். நிதி அதிகாரி பட்டியலைப் படித்தார். துறைத் தலைவர் வருத்தப்பட்டார். இளைஞர்களுக்குப் பொறுப்புணர்ச்சி குறைந்து வருகிறது என்று ஐந்து நிமிடம் பேசினார். பதினோரு நாள் மெஷினைத் திறந்து போட்டுவிட்டு மலை ஏறிய மனிதர், வாய் கூசாமல், பொறுப்புணர்ச்சி என்ற வார்த்தையை நாலு முறை சொன்னார்.

ஐந்தாவது முறை சொல்ல வாயெடுத்தபோது தாழ்ப்பாள் எழுந்தாள்.

"இந்த மெஷினை ஓட விட்டது இவர். இதோ நேரம், இதோ அவர் லாகின். தானா நிக்கறதை எடுத்ததும் இவர்தான்." காகிதத்தை இயக்குநர் பக்கம் தள்ளினாள். "அது இந்தப் பொண்ணு பேர்ல ஏன் ஓடுச்சுன்னா, நான் படிவம் இல்லாம நகல் எடுத்தேன். ஒண்ணு இல்ல, பதினாறு. இவளுக்கே தெரியாது. இவ தப்புன்னு இதுல ஒரு வரி கூடக் கிடையாது. மெமோ குடுக்கறதுன்னா எனக்குக் குடுங்க. அவருக்கும் சேத்துக் குடுங்க."

இயக்குநர் காகிதத்தை இரண்டு முறை படித்தார். துறைத் தலைவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். இயக்குநர் கையைக் காட்டி நிறுத்தினார். ஒரு மணி நேரம் பூசி மெழுகியும் கடைசியில் முடிவு இப்படி வந்தது: காதுக்காரியின் ஒப்பந்தம் ஒரு வருடம் நீட்டிக்கப்படும். பொறுப்பாளர் பெயர்களை அன்றைக்கே சரி செய்ய வேண்டும். தாழ்ப்பாளுக்கு மெமோ, பதவி உயர்வு இந்த வருடம் இல்லை. துறைத் தலைவரைப் பற்றிக் குறிப்பில் எழுதிய வார்த்தை "கவனக்குறைவு". அவ்வளவுதான். அவருக்கு அதற்கு மேல் ஒரு கீறலும் விழவில்லை. நினைத்தால் வயிறு எரிகிறது, ஆனால் நடந்தது அதுதான்.

பகல் மூன்று மணிக்குத் தாழ்ப்பாள் தன் அறையில் பெயர்களை மாற்ற உட்கார்ந்தாள். மனசு லேசாகத்தான் இருந்தது. பதவி உயர்வு போனால் போகிறது, ஒரு பெண்ணின் வேலையைக் காப்பாற்றியாயிற்று. காதுக்காரி கதவைத் தட்டி உள்ளே வந்தபோது, நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்றே நினைத்தாள். அதெல்லாம் எதுக்கும்மா என்று சொல்லவும் தயாராக இருந்தாள்.

காதுக்காரி மேசைக்கு எதிரில் நின்றாள்.

"ரெண்டு வருஷமாக்கா?"

"என்ன?"

"பதினாறு எடத்துல என் பேரு. யார் யாரோ என்னென்னமோ ஓட்டியிருக்காங்க. தெனமும் சாயங்காலம் என் மேசைகிட்ட வந்து நிப்பீங்க. ஒரு நாள் கூட, இந்த மாதிரி உன் பேரைப் போட்டிருக்கேன்னு எங்கிட்டச் சொல்லணும்னு தோணலையாக்கா?"

தாழ்ப்பாள் படிவத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். மூன்று வாரம் ஆகும் என்பதை, எல்லோரும் வந்து நச்சரித்ததை. அதை இந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. நிரந்தர வேலையில் இருக்கும் யாருடைய பெயரையாவது கேட்காமல் இப்படிப் போட்டிருப்பாளா? போட்டிருக்க மாட்டாள். அது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"தோணல," என்றாள்.

"அவர் மேல எனக்குக் கோவமே வரலைக்கா. அவர் அப்படித்தான், எல்லாருக்கும் தெரியும்." காதுக்காரியின் குரல் உயரவில்லை. "எனக்குக் கோவமெல்லாம் உங்க மேலதான்."

ஊரையே வாய்க்கு வந்தபடி பேசுகிற தாழ்ப்பாள் தலையைக் குனிந்துகொண்டு திரையைப் பார்த்தாள்.

"என் பேரை எடுங்க," என்றாள் காதுக்காரி. மேசையைச் சுற்றி வந்து அவள் பின்னால் நின்றுகொண்டாள். "ஒவ்வொண்ணா எடுங்க. நான் பாக்கறேன்."